வீட்டுக்கு ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு கேட்பதற்கென்றே நல்லதாக ஒரு செட் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். நான் கடைக்காரன் இல்லை. நண்பர்கள் வீட்டிலும் அவர்களுடைய சொந்தக்காரர்கள் வீட்டிலும் ஸ்பீக்கரை வைத்து, தள்ளி, திருப்பிப் பழகியவன். போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் போகும், அதனால் மேலிருந்து படியுங்கள்.

1. ஃபுல் ரேஞ்ச்னா என்ன சார்? ஒரு கடையில ஒண்ணு சொல்றாங்க, அடுத்த கடையில வேற சொல்றாங்க.

இரண்டு கடைக்காரர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு பொருள் புழங்குகிறது. மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதில் பெரும்பகுதியைத் தனி சப்வூஃபர் (அடி பேஸுக்கென்றே இருக்கும் பெட்டி) இல்லாமல் தானே தரும் பெட்டியை ஹை-எண்ட் ஷோரூமில் ஃபுல் ரேஞ்ச் என்பார்கள். பெரும்பாலும் அது தரையில் நிற்கும் டவர். உள்ளே கீழ் ஸ்தாயிக்கு வூஃபர், நடுவுக்கு மிட்ரேஞ்ச், மேல் ஸ்தாயிக்கு ட்வீட்டர் என்று பல டிரைவர்கள், அதாவது சத்தம் எழுப்பும் பாகங்கள், இருக்கும். எந்தச் சத்தம் எதற்குப் போக வேண்டும் என்று கிராஸ்ஓவர் பிரித்துக் கொடுக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் ஃபுல் ரேஞ்ச் என்று கேட்டால் கையில் தருவது வேறு: கீழ் ஸ்தாயி முதல் மேல் ஸ்தாயி வரை எல்லாவற்றையும் தானே பாடும் ஒற்றை டிரைவர். இங்கே நான் பேசுவது முதல் வகையைப் பற்றி. ஒற்றை டிரைவருக்கு 10-ம் கேள்வியில் வருகிறேன்.

2. 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகலன்னா அது உண்மையான ஃபுல் ரேஞ்ச் இல்லையாமே?

நீங்கள் கேட்கும் பாட்டில் 20 ஹெர்ட்ஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பியானோவில் இடதுகோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41. ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண் பாடகருக்குப் பின்னால் மீட்டும் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 69-ஐ ஒட்டி வரும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அதே தந்தி 98.

அதனால் கச்சேரி, எண்பதுகளின் சினிமாப் பாட்டு, கஜல், ஜாஸ் இவற்றுக்கெல்லாம் 40 ஹெர்ட்ஸை அழுத்தமாகத் தரும் ஸ்பீக்கர் போதும். 30-க்குக் கீழே இறங்க வேண்டியது சர்ச் ஆர்கன், இப்போதைய எலக்ட்ரானிக் பேஸ், படங்களில் வரும் வெடிச்சத்தம் மாதிரியானவற்றுக்குத்தான். 40-லிருந்து 20-க்குப் போவது ஒரே ஒரு ஸ்தாயிதான். ஆனால் அதே அளவு சத்தம் வர வூஃபர் நாலு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பெட்டியின் எடையும் விலையும் மடமடவென்று ஏறுவது அங்கேதான். அந்த ஒரு ஸ்தாயிக்குக் கொடுக்கும் பணம் உங்கள் ரசனைக்கு வேலை செய்யுமா என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

3. கேட்லாக்ல 47 ஹெர்ட்ஸ்னு ஒரு இடத்துல, 79 ஹெர்ட்ஸ்னு இன்னொரு இடத்துல போட்டிருக்கு. எதை நம்பறது?

இரண்டையும் நம்பலாம். நீங்கள் பார்த்தது கெஃப் கம்பெனியின் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கராக இருக்க வேண்டும். அதில் 79 ஹெர்ட்ஸ் என்பது சத்தம் 3 டெசிபெல்லுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் ஏறாமல் இறங்காமல் இருக்கும் எல்லை. 47 என்பது 6 டெசிபெல் குறைந்துவிட்ட இடம். 6 டெசிபெல் குறைந்தால் ஒலியழுத்தம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். இப்படி இரண்டையும் போடுவது நேர்மையான பழக்கம்.

எந்த அளவில் எடுத்தது என்று சொல்லாமல் வெறுமனே "30 ஹெர்ட்ஸ் முதல் 25,000 வரை" என்று மட்டும் இருந்தால், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தானா என்று பார்ப்பது முக்கியம்.

4. எங்க ஹால் 12-க்கு 11. எவ்வளவு பெரிய டவர் வைக்கலாம் அண்ணா?

எல்லோரும் கடைசியில் கேட்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில ஸ்வரங்கள் மட்டும் சிக்கிக்கொள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரமாகப் போகுமே, அது மாதிரி அந்த ஸ்வரங்கள் அறைக்குள் ஊதிப் பெருகும். எவை என்று நீங்களே கணக்குப் போடலாம்: 565-ஐ அறையின் நீளத்தால் (அடியில்) வகுங்கள். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 51. கூரை 10 அடி என்றால் 56. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காருவதைப் பாருங்கள். பேஸ் கிட்டாரில் எஃப் ஷார்ப் 46, ஜி 49, ஏ 55. பாட்டு முழுக்க இந்த ஸ்வரங்களில்தான் நடமாடும்.

இதை நான் கணக்கில் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். ஒரு ஷோரூமின் 25 அடி ஹாலில் கேட்டு மயங்கி, ஆளுக்கு இரண்டு எட்டு இஞ்ச் வூஃபர் உள்ள ஜோடி டவரை இதே மாதிரி 12-க்கு 11 அறைக்குக் கொண்டுவந்தேன். அறை எவ்வளவு என்று கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலம் போட்ட பாட்டில் பேஸ் படிப்படியாக ஏறிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு படியில் மட்டும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது, ஷோகேஸில் இருந்த எவர்சில்வர் டம்ளர் ணங்கென்று கூடவே பாடியது. அதற்குக் கீழே இருந்த படிகள் காதிலேயே விழவில்லை. ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்லி மாற்றினேன், ஒயரை மாற்றினேன். இரண்டு வருடம் போனது. கடைசியில் ஸ்பீக்கரைக் கும்பகோணத்தில் தம்பி வீட்டுக்கு அனுப்பினேன். 22 அடிக் கூடம், ஓட்டுக் கூரை, ஒரு பக்கம் முற்றம். அங்கே போட்ட முதல் பாட்டிலேயே ஒவ்வொரு படியும் தனித்தனியாக நின்றது. அதே பெட்டி, அதே ஆம்ப். மாறியது சுவர்கள் மட்டும்தான்.

என் அனுபவக் கணக்கு இது: 150 சதுர அடிக்குள் இருக்கும் அறைக்கு 5 அல்லது 6.5 இஞ்ச் வூஃபர் ஒன்று உள்ள பெட்டி. 200, 250 சதுர அடிக்கு 6.5 இஞ்ச் இரண்டு அல்லது 8 இஞ்ச் ஒன்று. அதற்கு மேல் இடம் இருந்தால் பெரிய டவரைப் பற்றிப் பேசலாம். ஹாலும் டைனிங்கும் கதவில்லாமல் ஒன்றாக இருந்தால் இரண்டையும் சேர்த்து அளங்கள். நீளமும் அகலமும் சமமாக இருக்கும் சதுர அறைதான் மிகவும் பாடுபடுத்தும்.

5. கார்ப்பெட் போட்டா அந்த "பூம்" அடங்காதா?

அடங்காது. 47 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 24 அடி. அரை இஞ்ச் கார்ப்பெட் அதன் கண்ணுக்கே தெரியாது. பவானி ஜமுக்காளம் விரித்தால் கைதட்டலின் கணகணப்பும் பாடகரின் ச, ஷ ஓசைகளின் கூர்மையும் குறையும். அதற்கு அது நல்ல வேலை செய்யும், பேஸுக்கு அல்ல. மொசைக்கும் டைல்ஸும் போட்ட நம் வீடுகளுக்கு ஜமுக்காளமும் கனமான திரையும் கட்டாயம் வேண்டும், அது வேறு கணக்கு.

வெளிநாட்டு விமர்சனங்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அமெரிக்க வீடுகளின் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கீழ் ஸ்தாயியில் ஒரு பங்கு அதன் வழியாக வெளியே போய்விடும். நம் வீடு செங்கல், கான்கிரீட். உள்ளே வந்த பேஸ் உள்ளேயே சுற்றும். அவர்கள் "பேஸ் கொஞ்சம் மெலிவு" என்று எழுதும் ஸ்பீக்கர் நம் ஹாலில் அளவாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செலவில்லாத வழி நாற்காலியை நகர்த்துவது. பின் சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பூம் அதிகம், அறையின் நட்டநடுவில் பேஸ் காணாமல் போகும். முன் சுவரிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் வரை போய், அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னுமாகப் போட்டுப் பாருங்கள். மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினால் கொஞ்சம் பலன் உண்டு. ஒன்று போதாது, தரையிலிருந்து கூரை வரை வேண்டும்.

6. சுவத்துல இருந்து எவ்வளவு தள்ளி வைக்கணும்? வீட்ல ஒரு அடிக்கு மேல விட மாட்டேங்கறாங்க.

வூஃபரின் முகத்திலிருந்து ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவர் வரை உள்ள தூரத்தை அடியில் அளந்து 282-ஐ அதனால் வகுங்கள். வரும் எண்ணில் பேஸில் ஒரு பள்ளம் விழும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, முன்னால் போகும் அலையை எதிர்த்து அடிப்பதால் வருவது இது. 3 அடி என்றால் 94 ஹெர்ட்ஸ், 2 அடி என்றால் 141. பக்கச் சுவருக்கும் இதே கணக்குதான். இரண்டு தூரமும் ஒன்றாக இருந்தால் பள்ளம் ஆழமாகும், அதனால் வேறுவேறாக வையுங்கள்.

ஒரு அடிதான் கிடைக்கும் என்றால் சண்டை போடாதீர்கள். போர்ட் (காற்று போய்வரும் ஓட்டை) முன்பக்கம் இருக்கும் பெட்டியோ மூடிய பெட்டியோ வாங்குங்கள். சுவர் பக்கத்தில் இருப்பதால் பேஸ் கூடும், அதைக் கணக்கில் வைத்து இன்னும் ஒரு அளவு சின்னதாக எடுங்கள். சுவரை நம்பியே பிறந்த ஸ்பீக்கரும் உண்டு. 1946 முதல் வரும் கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச் சுவர்களையே தன் ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்தும்.

வைக்கும்போது டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் இப்படி நகர்த்தினோம். தரையில் பதினோரு டேப் கோடுகள். ஒன்பதாவது கோட்டில் பாடகி சட்டென்று இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றார். சமையலறையில் இருந்த அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்து "இப்ப என்ன மாத்தினீங்க?" என்று கேட்டார்கள். மாற்றியது இரண்டு இஞ்ச்.

7. மூடின பெட்டி நல்லதா, ஓட்டை வெச்சது நல்லதா?

இரண்டிலும் நல்லது உண்டு. போர்ட் வைத்த பெட்டி அதே அளவில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் அந்த எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும். மூடிய பெட்டி 12 டெசிபெல் என்று சரிவாக இறங்கும். சின்ன அறையில் சுவர்கள் கீழ் ஸ்தாயியைத் தூக்கிவிடுவதால் அந்தச் சரிவு பெரும்பாலும் ஈடாகிவிடும். 1954-ல் எட்கர் வில்சூர் தன் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியில் ஏஆர்-1 என்ற மூடிய பெட்டியைக் கொண்டுவந்தபோதுதான் புத்தக அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வரும் என்று உலகம் பார்த்தது.

4-ம் பதிலில் சொன்ன மாதிரி சின்ன அறை என்றால் என் கை மூடிய பெட்டி பக்கம் போகும். பல போர்ட் பெட்டிகளோடு நுரை அடைப்பான் கொடுக்கிறார்கள், அதைச் செருகிப் பாருங்கள்.

8. 87 டெசிபெல், 92 டெசிபெல்னு போட்டிருக்கே, அது என்ன? எனக்கு எத்தனை வாட் ஆம்ப் வேணும்?

ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்தது அந்த எண். அதுதான் சென்சிட்டிவிட்டி. ஓம் என்பது கரண்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் அந்த வோல்ட் 1 வாட், 4 ஓமில் 2 வாட். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

87 டெசிபெல் ஜோடியை 9 அடி தள்ளி உட்கார்ந்து கேட்டால் 1 வாட்டில் சுமார் 83 டெசிபெல் வரும். வீட்டில் நிறைவாகக் கேட்பதற்கு 75 போதும். அதில் மிருதங்கத் தீர்மானம் வரும்போது 20 டெசிபெல் எகிறும் என்று வைத்தால் 95 வேண்டும், அதற்கு 16 வாட். சராசரியையே 85-க்கு ஏற்றிக் கேட்பவருக்கு அதே கணக்கில் 160 வாட். 10 டெசிபெல் கூட்ட வாட் பத்து மடங்காக வேண்டும் என்பதால்தான் இந்தத் தாவல்.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கேஎல்ஹெச் ஸ்பீக்கர் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் இதை விதியாகவே சொல்வார்கள். மூன்றும் உண்டு என்று ஒருவர் விற்றால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

9. "8 ஓம்"னு எழுதியிருக்கு, ஆனா ஆம்ப் சூடாயி கட் ஆகுது. ஏன்?

8 ஓம் என்பது பெயரளவில். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அந்த எண் மாறும். 3-ம் பதிலில் வந்த அதே ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டுப் பக்கத்திலேயே குறைந்தபட்சம் 3.5 என்றும் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஆம்ப் இரண்டு மடங்குக்கும் மேல் கரண்ட் கொடுக்க வேண்டும். குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேளுங்கள். 4-க்குக் கீழே போனால், 4 ஓமில் எத்தனை வாட் என்று தைரியமாக எழுதியிருக்கும் ஆம்பாகப் பாருங்கள். 8 ஓமில் 50 வாட் கொடுப்பது 4 ஓமில் 90, 100 கொடுத்தால் அதற்குத் தெம்பு இருக்கிறது.

10. ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்ல குரல் அப்படியே எதிர்ல நிக்குதுங்கறாங்களே, உண்மையா?

உண்மை, நானும் கேட்டு உருகியிருக்கிறேன். சாதாரண இரண்டு டிரைவர் பெட்டியில் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு டிரைவரிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தம் கைமாறும். குரலின் தெளிவு இருக்கும் இடமும் அதுதான். ஒற்றை டிரைவரில் அந்தக் கைமாற்றமே இல்லை. லோதர் கம்பெனியின் ஒற்றை டிரைவர் மாதிரியானவற்றுக்குச் சென்சிட்டிவிட்டியும் அதிகம். 300பி என்ற வால்வ் (வெற்றிடக் குழாய்) போட்ட 8 வாட் ஆம்பே போதும்.

ஆனால் எட்டு இஞ்ச் கூம்பு 1,700 ஹெர்ட்ஸுக்கு மேலே டார்ச் வெளிச்சம் மாதிரி நேராக மட்டும் பாயத் தொடங்கும். தலையை நகர்த்தினால் வயலின் மங்கும். கீழே மிருதங்கத்தில் வலந்தலை துல்லியமாகக் கேட்கும், தொப்பியின் கும்கி வயிற்றில் வந்து தட்டாது. தனியாக, ஒரே நாற்காலியில், குரலும் வீணையும் கேட்பவருக்கு நான் சந்தோஷமாகச் சிபாரிசு செய்வேன். குடும்பமே உட்கார்ந்து எல்லாவிதப் பாட்டும் கேட்கும் ஹாலுக்கு வேண்டாம்.

11. டவர் வாங்கறதுக்குப் பதிலா புக்ஷெல்ஃபும் சப்வூஃபரும் போதாதா?

சின்ன, நடுத்தர அறைக்கு, ஸ்டாண்டிலோ அலமாரியிலோ வைக்கும் சின்ன ஜோடியும் (அதுதான் புக்ஷெல்ஃப்) சப்வூஃபரும் போதும், பல நேரம் அதுவே மேல். டவரில் வூஃபர் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குரல் நடுவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம். பேஸுக்கு அது நல்ல இடமா என்று யாரும் கேட்பதில்லை. சப்வூஃபரைத் தனியாக நகர்த்தலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அது எங்கே இருந்தாலும் உறுத்தாது.

இடம் கண்டுபிடிக்க ஒரு வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் ஏற்றி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கேயே அதை வையுங்கள். பெரியது ஒன்றைவிடச் சின்னது இரண்டு நல்லது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால் 4-ல் சொன்ன ஊதல் நிறையக் குறையும்.

பெரிய கூடம் இருந்து, கம்பிகளும் பெட்டிகளும் குறைவாக இருக்க வேண்டும் என்று நினைத்தால் டவரே வாங்குங்கள். நன்றாக அமைந்த டவரில் ஒரே உடம்பிலிருந்து பாட்டு வரும் முழுமை இருக்கிறது, அது எனக்கும் பிடிக்கும்.

12. ஷோரூம்ல எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு. எப்படித் தேர்ந்தெடுக்கறது?

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள், அது அந்தப் பெட்டிக்குப் பொருந்தும் பாட்டாகவே இருக்கும். உங்களுக்கு மனப்பாடமான ஐந்து பாட்டைக் கொண்டுபோங்கள். ஒன்று வெறும் குரலும் தம்புராவும், ஒன்று தவில் நாதஸ்வரம், ஒன்று பேஸ் கிட்டார் ஏறி இறங்கும் பழைய சினிமாப் பாட்டு, ஒன்று கூட்டுக் குரல். ஐந்தாவதாக மோசமாகப் பதிவான, ஆனால் நீங்கள் உயிராக நினைக்கும் ஒரு பாட்டு. வீட்டில் அதிகம் ஓடப்போவது அதுதான். அதைக் கேட்கவே முடியாமல் செய்யும் ஸ்பீக்கர் எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

இரண்டு பெட்டியையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று 1 டெசிபெல் கூட இருந்தாலே அதுதான் நல்லது என்று காது முடிவு செய்துவிடும். போனில் இருக்கும் டெசிபெல் ஆப் இதற்குப் போதும். ஒவ்வொன்றையும் அரை மணி நேரமாவது கேளுங்கள். முதல் நிமிடத்தில் பளபளவென்று இருப்பது இருபதாவது நிமிடத்தில் காதைக் குத்தலாம். முடிந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்க அனுமதி வாங்குங்கள். அதற்கு இணையான சோதனை வேறில்லை.

13. கர்நாடக சங்கீதத்துக்கு ஒரு ஸ்பீக்கர், சினிமாப் பாட்டுக்கு வேற ஸ்பீக்கரா?

இல்லை. வயலினை வயலினாகக் காட்டும் பெட்டி கிட்டாரையும் கிட்டாராகவே காட்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாதபடி மறைத்து வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். 1980-களில் அவர் வெளியிட்ட முடிவு: காது நன்றாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெட்டிகளைத்தான் விரும்பினார்கள். நேர் எதிரே எல்லா ஸ்வரமும் சமமான அளவில் வர வேண்டும், பக்கவாட்டில் போகும் சத்தமும் ஏற்றத்தாழ்வில்லாமல் மெதுவாகக் குறைய வேண்டும்.

நேர் எதிரே ஒரே மாதிரி அளவு காட்டும் இரண்டு ஸ்பீக்கர் உங்கள் ஹாலில் வேறுவேறாகக் கேட்பதற்குக் காரணமும் இதுதான். சுவரிலும் டைல்ஸிலும் பட்டு வருவது பக்கவாட்டுச் சத்தம். கடையில் கேட்கும்போது எழுந்து இரண்டு அடி ஓரமாகப் போய் நின்று பாருங்கள். பாடகரின் குரல் அதே குரலாகவே இருந்தால் நல்ல பெட்டி.

14. ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?

குறைவாக. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 5 மீட்டர் போய்வர 0.07 ஓம்தான் தடுக்கும். வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரீஷியன் "2.5 ஸ்கொயர்" என்று வாங்கும் அதே தடிமன். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

15. புது ஸ்பீக்கர் நூறு மணி நேரம் ஓடினாத்தான் திறக்குமாமே?

வூஃபரின் விளிம்பும் ஸ்பைடரும் (கூம்பைப் பின்னால் தாங்கும் நெளிநெளியான துணி) முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். மற்றபடி பழகுவது உங்கள் காது. முதல் நாளே காதைக் குத்தும் ஸ்பீக்கரை நூறு மணி நேரம் பொறுத்திருந்து பார்க்காதீர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்.

16. பழைய டவர் ஒண்ணு சல்லிசா வருது. வாங்கலாமா?

முன் வலையைக் கழற்றி வூஃபரின் விளிம்பைப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. நுரை என்றால் கவனம். கடலோரத்து ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் அது மக்கிவிடும். விரல் நுனி பட்டாலே கருப்பு மாவாக உதிரும். பெட்டி நல்ல பெட்டியாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

அப்புறம், கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். சரசரவென்று உரசினால் உள்ளே கம்பிச்சுருள் (காயில்) கோணியிருக்கிறது. ட்வீட்டர் ஒவ்வொன்றும் பாடுகிறதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். தூரத்திலிருந்து கேட்டால் செத்த ட்வீட்டர் தெரியவே தெரியாது.

17. எல்லாம் மாட்டியாச்சு, ஆனா பேஸே இல்ல, பாடறவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல.

ஒரு பெட்டியில் சிவப்பும் கருப்பும் மாறியிருக்கும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஒயரை மாற்றி மாட்டுங்கள். உள் ஒயரிங் மேலேயே சந்தேகம் என்றால் ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பிளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் வெளியே வர வேண்டும்.

18. இப்பத்தான் ரூம் கரெக்ஷன் வந்துடுச்சே, எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் அதுல சரி பண்ணிக்கலாமே?

பாதி சரி. ரூம் கரெக்ஷன் என்பது மைக்கால் அறையை அளந்து, அதற்கேற்ப ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைத் திருத்தும் வசதி. 4-ல் சொன்ன ஊதலை அது நன்றாக அடக்கும், நானும் பயன்படுத்துகிறேன். 6-ல் சொன்ன பள்ளத்தை நிரப்ப அதனால் முடியாது. அங்கே எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் திரும்பி வரும் அலையும் அவ்வளவு கூடி அடித்துவிடும். ஆம்பும் வூஃபரும்தான் திணறும். 13-ல் சொன்ன பக்கவாட்டுக் கோளாறையும் அது தொடாது. இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் அளப்பதற்கென்றே விற்கும் ஒரு மைக்கும் இருந்தால் உங்கள் ஹாலின் படத்தை நீங்களே பார்க்கலாம். முதலில் நகர்த்துங்கள், பிறகு அளங்கள், மிச்சத்தை மட்டும் கரெக்ஷனிடம் விடுங்கள்.

19. ராத்திரி மெதுவா வெச்சா பேஸ் காணோம், சத்தமா வெச்சா மேல் வீட்டுக்காரங்க வர்றாங்க. ஸ்பீக்கர் கோளாறா?

காதின் இயல்பு அது. சத்தம் குறையக் குறைய கீழ் ஸ்தாயி மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து மறையும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டார்கள். பழைய ஆம்ப்களில் "லவுட்னஸ்" என்று ஒரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான். பெரிய டவர் வாங்கினால் இது தீராது. இரவில் அதிகம் கேட்பவர் என்றால் லவுட்னஸோ டோன் கன்ட்ரோலோ உள்ள ஆம்ப் வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மேல் வீடு, கீழ் வீட்டுக்குப் பேஸ் காற்றிலும் போகும், கான்கிரீட்டிலும் போகும். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைப்பது தரை வழியாகப் போவதைத்தான் குறைக்கும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு 40 ஹெர்ட்ஸோடு நிற்கும் ஸ்பீக்கர் அக்கம்பக்கத்து உறவுக்கும் நல்லது.

20. இன்னும் ஒரு வருஷத்துல சொந்த வீடு கட்டிப் போறோம். இப்பவே பெரிசா வாங்கி வெச்சிடலாமா?

வேண்டாம். இப்போது நல்ல புக்ஷெல்ஃப் ஒரு ஜோடி வாங்கிக் கேளுங்கள். புது வீட்டுக்குப் போன பிறகு அதோடு சப்வூஃபர் சேர்க்கலாம், அல்லது அதைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு டவர் பார்க்கலாம். அதைவிட, பிளான் கையெழுத்தாகும் முன் ஹாலின் அளவைப் பாருங்கள். 12-க்கு 12 என்று போட்டிருந்தால் 12-க்கு 17 ஆக்க முடியுமா என்று இன்ஜினீயரிடம் கேளுங்கள். ஸ்பீக்கர் வைக்கப்போகும் குறுக்குச் சுவரில் நடுவே கதவு வராமல் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்கட்டும். பிளக் பாயின்ட்டை அந்தச் சுவரிலேயே இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒயர் போக ஒரு குழாயைத் தரை போடும்போதே புதைத்துவிடச் சொல்லுங்கள், டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் கொத்தனார் ஒத்துக்கொள்ள மாட்டார்.